வலிக்காத காலும் வற்றும் ரத்த ஓட்டமும்

தாராவி தொண்ணூறு அடி சாலையில் நடந்துகொண்டிருக்கும் ஒருவரின் செருப்பு கழன்றுவிடுகிறது. அது தெரியாமல் அவர் நாலு எட்டு போய்விடுகிறார். பின்னால் வருகிறவர் "அண்ணாச்சி, செருப்பு!" என்று கூப்பிட்ட பிறகுதான் குனிந்து பார்க்கிறார். பத்துப் பன்னிரண்டு வருடமாகச் சுகர் இருக்கிறவர்கள் வீட்டில் இப்படி ஒரு சம்பவத்தைச் சாதாரணமாகச் சொல்வார்கள். கவனக்குறைவு என்று அதை விட்டுவிடக்கூடாது. பாதத்தின் உணர்ச்சி நரம்பு மரத்துப்போய்விட்டது என்பதற்கு மருத்துவர்கள் நம்புகிற அடையாளங்களில் அதுவும் ஒன்று.

மரத்துப்போன அந்தப் பாதத்துக்கு ரத்தம் ஒழுங்காக வந்து சேர்கிறதா என்பது அடுத்த கேள்வி. பெரும்பாலான வீடுகளில் அதை யாரும் கேட்பதில்லை, ஏனென்றால் கால் வலிக்கவில்லை. சுகர் இல்லாதவருக்குக் காலில் ரத்த ஓட்டம் குறைந்தால் வலி வந்து அவரை மருத்துவமனைக்குக் கூட்டிப்போகும். சுகர்காரருக்கு ரத்தக்குழாய் அடைக்கிற அதே வருடங்களில் வலியைச் சொல்லவேண்டிய நரம்பும் செத்துக்கொண்டிருக்கிறது. அடுப்பில் பால் பொங்குகிறது, சமையலறையில் ஆளில்லை என்கிற நிலைமைதான்.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்த ஆய்வு 2023இல் வெளியானபோது, நாட்டில் சர்க்கரை நோயாளிகள் சுமார் 10.1 கோடிப் பேர் என்று கணக்கிட்டது. அவர்களில் பலருக்கு மாதாமாதம் பார்க்கும் சுகர் ரிப்போர்ட் மட்டும்தான் பரிசோதனை. ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்று அது சொல்லும். அந்த ரத்தம் கால் விரல்வரை போகிறதா என்பதை அது சொல்லாது.

குழாய்க்குள் என்ன நடக்கிறது

ரத்தக்குழாயின் உட்புறம் ஒரே அடுக்கு செல்களால் ஆன மெல்லிய படலம் இருக்கிறது. குழாயை விரிந்து கொடுக்கச் செய்வதும், ரத்தம் உறைந்து ஒட்டாமல் பார்த்துக்கொள்வதும் அந்தப் படலம் சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடின் வேலை. சர்க்கரை பல வருடம் கூடியே இருந்தால் அந்தச் சுரப்பு குறைகிறது. படலத்தின் இடுக்குகளில் கெட்ட கொழுப்பு நுழைந்து படிகிறது, அங்கே அழற்சி வருகிறது, திட்டு வளர்கிறது. உடன் ரத்த அழுத்தமும் புகையிலையும் இருந்தால் வேகம் பல மடங்கு கூடும்.

கண்ணின் விழித்திரை, சிறுநீரகத்தின் வடிகட்டி, நரம்புக்கு உணவூட்டும் மயிரிழைக் குழாய்கள் ஆகியவற்றில் வருவது சிறு குழாய்க் கோளாறு. இதயம், மூளை, கால் ஆகியவற்றில் வருவது பெருங்குழாய் அடைப்பு. இரண்டும் தனித்தனி நோய் மாதிரி பேசப்படுகின்றன. கண்ணுக்கு ஒரு டாக்டர், கிட்னிக்கு ஒரு டாக்டர், இதயத்துக்கு இன்னொருவர். காலுக்கு மட்டும் யாரும் இல்லை. புண் வந்த பிறகுதான் சர்ஜன் வருகிறார்.

காலில் அடைப்பு எங்கே விழுகிறது என்பதிலும் சுகருக்கு ஒரு தனிப் பழக்கம் உண்டு. புகைபிடிப்பவருக்குப் பெரும்பாலும் இடுப்பிலும் தொடையிலும் அடைக்கும். சுகர்காரருக்கு முழங்காலுக்குக் கீழே ஓடும் மூன்று மெல்லிய தமனிகளில்தான் அதிகம் அடைக்கிறது. நீளமாக, பல இடங்களில் அடைக்கும். ஆனால் பாதத்துக்குள் இருக்கும் குழாய்கள் பல நேரம் தப்பித்திருக்கும். அதனால்தான் நடுவில் இருக்கும் அடைப்பைத் தாண்டிப் பாதத்துக்கு ரத்தத்தைக் கொண்டுபோக பலூன் சிகிச்சையாலும் (அடைப்பை உள்ளிருந்து பலூனால் விரிப்பது) பைபாஸாலும் (சிரையை வைத்து மாற்று வழி தைப்பது) முடிகிறது. "சுகர்காரன் கால்ல ஒண்ணும் பண்ண முடியாது, குழாயெல்லாம் போயிடுச்சு" என்ற பேச்சை இன்னும் கேட்க வேண்டியிருக்கிறது. அது பழைய கருத்து, தவறான கருத்து.

இன்னொரு கோளாறும் உண்டு. குழாய்ச் சுவரின் நடு அடுக்கில் சுண்ணாம்புச் சத்து படிந்து, குழாய் பிளாஸ்டிக் பைப் மாதிரி விறைத்துப்போகும். இதனால் மட்டும் அடைப்பு வருவதில்லை, ஆனால் பரிசோதனைக் கணக்கை இது ஏமாற்றும். அது எப்படி என்று பின்னால் பார்ப்போம்.

ஸ்டேஷன் பாலம் சொல்லும் செய்தி

மும்பையில் கால் ரத்த ஓட்டத்துக்குத் தினமும் ஒரு பரிசோதனை நடக்கிறது: ரயில் நிலைய நடைபாலம். சயானிலோ குர்லாவிலோ தாதரிலோ படியேறும்போது கெண்டைக்கால் சதை இறுகி, பிடித்து இழுத்து, நிற்கவேண்டி வருகிறதா? இரண்டு மூன்று நிமிடம் நின்றால் சரியாகி, மறுபடி அதே தூரம் நடந்தால் மறுபடி பிடிக்கிறதா? நடக்கும்போது உழைக்கும் சதை கேட்கிற அளவு ரத்தம் கிடைக்கவில்லை என்று அர்த்தம். முதுகுத்தண்டு நரம்பு நெருக்கத்தாலும் இதே மாதிரி கால் இழுக்கும். ஆனால் அதற்கு வெறுமனே நிற்பது போதாது; உட்கார்ந்தால் அல்லது முன்னால் குனிந்தால்தான் தீரும். இந்த வித்தியாசத்தை டாக்டரிடம் தெளிவாகச் சொன்னால் பாதி நோய் அங்கேயே பிடிபடும்.

சுகர்காரர்களில் நிறையப் பேருக்கு இந்தப் பிடிப்பு வராது என்பதுதான் சிக்கல். நரம்பு மரத்திருக்கும், அல்லது முழங்கால் வலியால் நடையே குறைந்திருக்கும். "வயசாச்சு, மெதுவாப் போறேன்" என்பார்கள். போன வருடம் ஒரே மூச்சில் ஏறிய பாலத்தை இந்த வருடம் ஏன் இரண்டு முறை நின்று ஏறுகிறார் என்று வீட்டில் யாராவது கவனிக்கவேண்டும்.

அடைப்பு முற்றினால் இரவில் படுத்திருக்கும்போது பாதம் எரியும், கடுக்கும். காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கப்போட்டால் கொஞ்சம் குறையும். தொங்கப்போட்ட பாதம் செக்கச்செவேலென்று சிவக்கும். அதைப் பார்த்து "ரத்தம் நல்லா ஓடுது" என்று நினைத்துவிடக்கூடாது. காலை 45 டிகிரி உயர்த்தி ஒரு நிமிடம் பிடித்தால் வெளுத்து, தொங்கவிட்டால் கருஞ்சிவப்பாக மாறும் பாதம் ரத்தத்துக்கு ஏங்கும் பாதம்.

இன்னொரு ஏமாற்று உண்டு. "கால் சூடாத்தானே இருக்கு" என்பது. குழாய்களின் விரிவு சுருக்கத்தை நடத்தும் தானியங்கி நரம்பும் சுகரில் கெடும். அப்போது ரத்தம் தோலின் நுண்குழாய்களுக்குப் போய்ச் சேராமல் குறுக்கு வழியில் சிரைக்குத் திரும்பிவிடும். பாதம் வெதுவெதுப்பாக இருக்கும், மேற்பாதத்துச் சிரைகள் புடைத்திருக்கும், வியர்வை நின்று தோல் காய்ந்து பித்தவெடிப்பு விழுந்திருக்கும். தொட்டுப் பார்த்து ரத்த ஓட்டம் சரி என்று முடிவுகட்ட இந்தக் கால் விடாது.

கையால் பார்ப்பதும் கருவியால் அளப்பதும்

பாதத்தில் நாடி பார்க்க இரண்டு இடம். கட்டைவிரலை மேலே தூக்கச் சொன்னால் மேற்பாதத்தில் ஒரு தசைநாண் எழும்பி நிற்கும். அதற்கு வெளிப்பக்கம், சுண்டுவிரலை நோக்கி ஒரு விரல் தள்ளி, பாதத்தின் நடு உயரத்தில் மூன்று விரல் நுனிகளை மெல்ல வைக்கவேண்டும். அழுத்தினால் நாடி அடங்கிவிடும். இரண்டாவது இடம், உள்கணுக்கால் மொட்டுக்கும் குதிகால் தசைநாணுக்கும் நடுவில் இருக்கும் பள்ளம். உங்கள் கட்டைவிரலால் தொடாதீர்கள், உங்கள் நாடியே துடித்து ஏமாற்றும். நல்ல ஆரோக்கியமான சிலருக்கும் மேற்பாத நாடி கைக்கு அகப்படாது. அதனால் ஒன்று கிடைக்கவில்லை என்று பயப்பட வேண்டாம். இரண்டும் கிடைக்கவில்லை என்றால் அளந்து பார்க்கவேண்டும்.

அளக்கும் முறைக்குக் கணுக்கால்–கை அழுத்த விகிதம் என்று பெயர். கிளினிக்கில் ஏபிஐ என்பார்கள். ஊசி கிடையாது, சாயம் கிடையாது. ஐந்திலிருந்து பத்து நிமிடம் படுக்க வைத்து, இரண்டு கையிலும் அழுத்தம் எடுப்பார்கள். பிறகு கணுக்காலுக்குச் சற்று மேலே பட்டையைக் கட்டி, ஜெல் தடவி, டாப்ளர் பேனாவால் மேற்பாத நாடியிலும் உள்கணுக்கால் நாடியிலும் சத்தம் கேட்டு அளப்பார்கள். அந்தக் காலில் கிடைத்த பெரிய எண்ணை, கைகளில் கிடைத்த பெரிய எண்ணால் வகுக்கவேண்டும். கையில் 140, வலது கணுக்காலில் 98 என்றால் விகிதம் 0.70.

0.90 அல்லது அதற்குக் கீழே என்றால் அடைப்பு இருக்கிறது. 0.91 முதல் 0.99 வரை எல்லைக்கோடு. 0.40க்குக் கீழே போனால் கால் ஆபத்தில் இருக்கிறது. 1.40க்கு மேலே வந்தால் "சூப்பர்" என்று மகிழ்ந்து விடக்கூடாது. முன்னே சொன்ன சுண்ணாம்பு படிந்த குழாயைப் பட்டையால் நசுக்க முடியாததால் பொய்யாக உயர்ந்த எண் அது. சுண்ணாம்பும் அடைப்பும் சேர்ந்தே இருக்கும் காலில் 1.0, 1.1 என்று அழகான எண்ணும் வரக்கூடும். நாள்பட்ட சுகர், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இது அடிக்கடி நடக்கிறது. கால் கட்டைவிரலின் குழாய்களில் சுண்ணாம்பு அவ்வளவாகப் படிவதில்லை, அதனால் அங்கே குட்டிப் பட்டை கட்டி அளக்கும் விரல் அழுத்தத்தைக் கேட்டு வாங்கவேண்டும். அதைக் கையின் அழுத்தத்தால் வகுத்தால் கிடைக்கும் விரல் விகிதம் 0.70க்குக் கீழே என்றால் அடைப்பு. புண் இருக்கிற காலில் விரல் அழுத்தம் 30க்குக் கீழோ, கணுக்கால் அழுத்தம் 50க்குக் கீழோ இருந்தால் அந்தப் புண் தானாக ஆறும் என்று காத்திருப்பது வீண். குழாயைப் படம் எடுத்து, வழி திறக்கிற வேலையை உடனே ஆரம்பிக்கவேண்டும்.

நகரெங்கும் நடக்கும் இலவச சுகர் முகாம்களில் பாதத்தில் ஒரு அதிர்வுக் கருவியை வைத்து வோல்ட் கணக்கில் எண் சொல்வார்கள். 25 வோல்ட்டைத் தாண்டினால் புண் வரும் ஆபத்து அதிகம். நல்ல பரிசோதனைதான், ஆனால் அது நரம்புக்கானது. "கால் டெஸ்ட் பண்ணியாச்சு" என்று அந்தக் காகிதத்தோடு வீட்டுக்கு வருகிறவருக்கு ரத்த ஓட்டம் பார்க்கப்படவே இல்லை. 10 கிராம் நைலான் இழையால் பாதத்தில் தொட்டுப் பார்ப்பதும் நரம்புக்கானதே. வருடத்துக்கு ஒரு முறையாவது நரம்பு, நாடி இரண்டையும் பார்க்கவேண்டும். 50 வயதைக் கடந்த சுகர்காரர் ஒரு முறையாவது ஏபிஐ அளந்து எண்ணைக் குறித்து வைத்திருப்பது நல்லது.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிடவேண்டும். எரிச்சலுக்கு எழுதித்தரும் "நரம்பு மாத்திரை" எரிச்சலைக் குறைக்கும். போன உணர்ச்சியை மீட்காது, ரத்தத்தைக் கூட்டாது. மெட்ஃபார்மின் பல வருடம் சாப்பிடுகிறவருக்கு பி12 குறைந்தும் கால் மரக்கலாம். அதை ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடித்துச் சரிசெய்ய முடியும்.

மழை, கோயில் படி, செருப்பு

மும்பையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பாதத்துக்குச் சோதனைக் காலம். கிங்ஸ் சர்க்கிள், சயான், ஹிந்த்மாதா பக்கம் தண்ணீர் தேங்கும் நாட்களில் சாக்கடையும் மழையும் கலந்த நீரில் கணுக்கால்வரை நனைந்துதான் வீடு வரமுடியும். நாள் முழுக்க ஈரத்தில் ஊறிய விரலிடுக்குத் தோல் வெளுத்து, பிசுபிசுத்து, கிழிகிறது. அதுதான் சேற்றுப்புண். ரத்த ஓட்டம் குறைந்த காலில் அந்தச் சின்னக் கிழிசல்தான் கிருமி நுழையும் வாசல். வீடு வந்ததும் சோப்பும் சாதாரணத் தண்ணீரும் போட்டுக் கழுவி, நான்காவது ஐந்தாவது விரலிடுக்குவரை துணியை நுழைத்துத் துடைக்கவேண்டும். பூஞ்சை இருந்தால் குளோட்ரிமசோல் களிம்பு நாளுக்கு இரண்டு தடவை, அரிப்பு நின்ற பிறகும் ஓரிரு வாரம் தொடரவேண்டும். மெடிக்கலில் கேட்டால் கொடுக்கும் ஸ்டீராய்டு கலந்த "எல்லாத்துக்கும் ஒரே கிரீம்" வேண்டாம். அது அரிப்பை மறைத்துவிட்டுப் பூஞ்சையை வளர்க்கும். பாதத்துக்குத் தேங்காய் எண்ணெயோ வாசலினோ தடவலாம். விரலிடுக்கில் மட்டும் கூடாது. காலில் வெட்டுக்காயத்தோடு வெள்ளத்தில் நடந்தவர் எலிக்காய்ச்சலுக்கான தடுப்பு மருந்துக்காக 72 மணி நேரத்துக்குள் டாக்டரைப் பார்க்கவேண்டும்.

வெயில் காலத்துக்கு வேறு ஆபத்து. செம்பூர் சேடா நகர் முருகன் கோயில் படிகளையோ, மாட்டுங்காவின் ஆஸ்திக சமாஜப் பிராகாரத்தையோ ஏப்ரல், மே மதியத்தில் வெறுங்காலில் சுற்றினால் மரத்த பாதம் கொப்பளித்தது சாயங்காலம்தான் தெரியும். செவ்வாய்க்கிழமை சித்திவிநாயகருக்கு வெறுங்காலில் நடப்பவர்களும், கார்த்திகையில் மாலை போட்டு 41 நாள் செருப்பில்லாமல் இருப்பவர்களும் உண்டு. பக்தியைக் குறை சொல்ல இங்கே எதுவும் இல்லை. உணர்ச்சி போன பாதத்தோடு இருப்பவர் விடிகாலையில் போகட்டும், கெட்டித் துணியுறை போட்டுக்கொள்ளட்டும், குருசாமியிடம் சொல்லி மாலைக்காலத்தில் செருப்புக்கு அனுமதி வாங்கிக்கொள்ளட்டும். வெந்நீரில் கால் ஊறவைப்பது, ஒத்தடப் பை வைப்பது, கால் ஆணிக்கு அமில பிளாஸ்டர் ஒட்டுவது ஆகிய மூன்றும் இப்படிப்பட்ட காலுக்கு அறவே ஆகாது. தண்ணீர்ச் சூட்டை முழங்கையால் பாருங்கள், பாதத்தால் பார்க்காதீர்கள்.

வார்ச் செருப்பு கழலாமல் இருக்க விரல் அதை இறுக்கிப் பிடித்தே நடக்கும். விரலிடுக்குப் பட்டை உராயும். பின்பட்டை உள்ள, முன்பக்கம் அகலமான, உள்ளே ஆணி அடிக்காத செருப்பு வேண்டும். அதன் உட்தளத்தில் எம்சிஆர் எனும் மென்ரப்பர், சுமார் 10 மி.மீ. கனத்தில் இருக்கவேண்டும். கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கி எழும்பவேண்டும். அமுங்கியே இருந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்தவர்கள் வேரூன்றிய தாராவியில், சயான்–பாந்த்ரா இணைப்புச் சாலையோரத்தில் தோல் வேலை தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த அளவோடு போனால் செய்துதர ஆள் கிடைப்பார். வெள்ளைத் தாளில் நின்று பாதத்தைச் சுற்றிப் பென்சிலால் வரைந்து கொண்டுபோங்கள். சாயங்காலம் வரையுங்கள், பகல் வீக்கம் அப்போதுதான் கணக்கில் வரும். செருப்பின் உள்நீளம் மிக நீளமான விரலைவிட 1 முதல் 2 செ.மீ. கூடுதலாக இருக்கட்டும். புதுச் செருப்பை முதல் நாள் ஒரு மணி நேரம் போட்டுக் கழற்றி, எங்காவது சிவந்திருக்கிறதா என்று பாருங்கள். போடும்முன் தினமும் உள்ளே கையை விட்டுத் தடவுங்கள். கல், ஆணி முனை, பேரனின் விளையாட்டுச் சாமான் எதுவும் உள்ளே கிடக்கலாம்.

கால் வீங்குகிறது என்று கடையில் இறுக்கு சாக்ஸ் வாங்கிப் போடுகிறவர்களும் உண்டு. அடைப்புள்ள காலில் அது வருகிற கொஞ்ச ரத்தத்தையும் நெரித்துவிடும். ஏபிஐ பார்க்காமல் இறுக்கு சாக்ஸ் போடக்கூடாது.

குழாயைக் காக்கும் மருந்தும் நடையும்

காலில் அடைப்பு கண்டுபிடிக்கப்பட்டவரை அதிகம் பலிவாங்குவது காலல்ல, மாரடைப்பும் பக்கவாதமும்தான். சுகரில் மாரடைப்பே நெஞ்சுவலி இல்லாமல், வெறும் மூச்சுத்திணறலாகவோ வியர்வையாகவோ வாந்தியாகவோ வரலாம். அதனால் கால் அடைப்பு தெரிந்த அன்றே மருந்துப் பட்டியலை மாற்றவேண்டும். எல்டிஎல் எனும் கெட்ட கொழுப்பு "நார்மல்" என்று லேப் அச்சடித்தாலும் போதாது. 70க்குக் கீழே, பலருக்கு 55க்குக் கீழே கொண்டுவருவதே இப்போதைய இலக்கு. அதற்கு அடோர்வாஸ்டாடின் 40–80 மி.கி. அல்லது ரோசுவாஸ்டாடின் 20–40 மி.கி. தேவைப்படும். 10 மி.கி.யில் வருடக்கணக்கில் நின்றுவிட்டவர்கள் ஏராளம். ரத்த அழுத்தம் 130/80க்குக் கீழே. ரத்தம் உறையாமல் இருக்க ஆஸ்பிரின் 75 மி.கி. அல்லது குளோபிடோக்ரெல் 75 மி.கி. நடக்கும்போது வலி வருபவருக்கு சிலோஸ்டசால் 100 மி.கி. தினம் இரண்டு வேளை, சாப்பாட்டுக்கு அரை மணி முன்போ இரண்டு மணி நேரம் கழித்தோ. இதயம் பலவீனமாகி நீர்கோத்தவருக்கு அது அறவே கூடாது. இவை டாக்டர் எழுதவேண்டியவை, நீங்கள் கேட்கவேண்டியவை.

சர்க்கரைக் கட்டுப்பாட்டின் பங்கு எவ்வளவு? 2000இல் வெளியான பிரிட்டன் ஆய்வுக் கணக்கில், மூன்று மாதச் சராசரியான எச்பிஏ1சி ஒவ்வொரு 1 சதவீதம் குறையும்போதும் கால் இழப்பு அல்லது கால் ரத்த ஓட்டக் கோளாறால் வரும் சாவு சுமார் 43 சதவீதம் குறைவாக இருந்தது. மாரடைப்பில் அந்தக் குறைவு 14 சதவீதம்தான். காலைக் காப்பாற்றுவதில் சர்க்கரைக்கு இருக்கும் பங்கு அவ்வளவு பெரிது. பலருக்கு இலக்கு 7 சதவீதம். ஒரு மருந்து விஷயம்: கனாகிளிஃப்ளோசின் என்ற சுகர் மாத்திரை பற்றி 2017இல் வந்த ஆய்வில் கால் விரல் அகற்றல் கூடியதாகக் காணப்பட்டு அமெரிக்காவில் மிகக் கடுமையான கறுப்புக் கட்ட எச்சரிக்கை போடப்பட்டது, 2020இல் அது நீக்கப்பட்டது. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் இந்தக் குடும்ப மருந்துகள் செய்யும் நன்மை பெரிது. காலில் திறந்த புண் இருப்பவர் மட்டும் டாக்டரிடம் ஞாபகப்படுத்திவிடுங்கள்.

புகையிலையை எந்த வடிவத்தில் எடுத்தாலும் குழாய்க்கு அது பகை. பீடி, குட்கா, வெத்தலையோடு பொயலை, இங்கே பல பெண்கள் பல்லில் தேய்க்கும் மிஷ்ரி எல்லாமே அந்தக் கணக்குத்தான். "பீடி இல்ல, மிஷ்ரிதான்" என்பவர்களிடம் நிக்கோடின் வாய்த் தோல் வழியாகவும் ரத்தத்துக்குள் போகிறது என்பதைச் சொல்லவேண்டும்.

புண் இல்லாதவருக்கு நடையே மருந்து. வலி மிதமாக வரும்வரை நட, நின்று வலி போகவிடு, மறுபடி நட. இப்படி 30 முதல் 45 நிமிடம், வாரம் மூன்று தடவை, குறைந்தது 12 வாரம். மாட்டுங்கா ஃபைவ் கார்டன்ஸோ சிவாஜி பார்க்கோ தட்டையாக இருப்பதால் தோது. வலிக்குப் பயந்து நிற்கவேண்டாம், சதை சிக்கனமாக ஆக்சிஜனைப் பயன்படுத்தக் கற்பது அந்த வலிக்கு அருகில்தான். பாதத்தில் புண் இருந்தால் இந்த நடையே விஷம்.

புண் வந்தால்

மஞ்சள், சுண்ணாம்பு, பற்பசை, டெட்டால் எதுவும் வேண்டாம். கழுவி, சலைனில் துடைத்து, சுத்தமான துணி கட்டி, அந்தக் காலை ஊன்றாமல் அன்றோ மறுநாளோ டாக்டரிடம் போங்கள். வழக்கமான சாப்பாட்டிலேயே சர்க்கரை திடீரென்று எகிறினால் முதலில் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள், உள்ளே சீழ் சேரும் முதல் அறிகுறி பல நேரம் குளூக்கோமீட்டரில்தான் தெரியும். காய்ப்புக்குள் கருஞ்சிவப்புப் புள்ளி தெரிந்தால் அதன் அடியில் புண் இருக்கிறது. வலியே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் சிவந்து, சூடாகி, வீங்கினால் எலும்பு நொறுங்கிக்கொண்டிருக்கலாம். உடனே ஊன்றுவதை நிறுத்தவேண்டும்.

இரவென்றாலும் காத்திருக்கக் கூடாத நிலைமைகள் உண்டு. புண்ணைச் சுற்றிச் சிவப்பு 2 செ.மீ.க்கு மேல் பரவுவது, நாற்றம், அழுத்தினால் நறநறவென்று சத்தம், விரல் கறுப்பது, குளிர் காய்ச்சல். இவை எதுவும் இல்லாமல் ஒரு கால் திடீரென்று வெளுத்துச் சில்லிட்டு அசைவு குறைந்தால் குழாயில் ரத்தக்கட்டி அடைத்துவிட்டது. சதை சுமார் 6 மணி நேரம்தான் தாங்கும். சயான் மருத்துவமனை, பரேல் கேஇஎம், பைகுல்லா ஜேஜே என எங்கே போனாலும் கேஸ் பேப்பர் எடுக்கும்போதே "சுகர், கால் புண்" என்று சொல்லி, வாஸ்குலர் சர்ஜன் (ரத்தக்குழாய் அறுவை மருத்துவர்) பார்க்கவேண்டும் என்று கேளுங்கள். மாநில அரசின் இலவச சிகிச்சைத் திட்டமான மகாத்மா ஜோதிராவ் புலே திட்டத்தில் உங்களுக்கு இடமுண்டா என்று மருத்துவமனையில் இருக்கும் ஆரோக்கிய மித்ராவிடம் விசாரியுங்கள். ரேஷன் கார்டும் ஆதாரும் கையில் இருக்கட்டும்.

அங்கே ஒரு கேள்வி எல்லாவற்றையும்விட முக்கியம். "விரலை எடுக்கணும்" என்று சொன்னால், சீழ் உயிருக்கே ஆபத்தாகப் பரவிய அவசரம் தவிர, "ரத்த ஓட்டம் பார்த்தாச்சா சார்?" என்று கேளுங்கள். ரத்தம் வராத இடத்தில் வெட்டினால் வெட்டிய இடமும் ஆறாது. விரல் போய்ப் பாதம், பாதம் போய் முழங்கால் என்று ஏறிக்கொண்டே போகும். டாப்ளர் ஸ்கேனோ ஆஞ்சியோகிராமோ எடுத்து, வழி திறந்த பிறகு வெட்டினால் ஒரு விரலோடு முடியக்கூடும். சாயம் ஏற்றும் படத்துக்கு முன் சிறுநீரகத்தின் நிலையைச் சொல்லும் கிரியேட்டினின் ரிப்போர்ட்டைக் காட்டுங்கள், மெட்ஃபார்மின் சாப்பிடுவதைச் சொல்லுங்கள்.

பலூனா, பைபாஸா? இரண்டு பெரிய ஆய்வுகளின் முடிவு வேறுவேறு. 2022இல் வந்ததில், தன் காலிலேயே நல்ல சிரை இருந்தவர்களுக்கு பைபாஸ் மேல் என்று தெரிந்தது. 2023இல் வந்தது முழங்காலுக்குக் கீழ் அடைப்புக்கு முதலில் பலூன் வழி மேல் என்றது. ஆகவே யாருக்கு எது என்பது சிரையின் தரம், அடைப்பின் நீளம், இதயத்தின் பலம் ஆகியவற்றைப் பார்த்து முடிவுசெய்ய வேண்டியது. இரண்டையும் செய்யத் தெரிந்த இடத்தில் கேட்டால் பதில் நேர்மையாக இருக்கும். பலூன் வைத்த குழாய் மறுபடி சுருங்குவது சகஜம். ஆனாலும் புண் ஆறும்வரை ரத்தம் கிடைத்துவிட்டால், ஆறிய தோலுக்கு அதைவிடக் குறைந்த ரத்தமே போதும்.

வழி திறந்த பிறகும் புண்மேல் எடை விழுந்தால் ஆறாது. உள்ளங்கால் புண்ணுக்கு முழங்கால்வரை கழற்ற முடியாத பூட்ஸோ மாவுக்கட்டோ முதல் தேர்வு. கழற்ற முடிந்ததை வீட்டுக்குள் கழற்றிவிடுவார்கள், பாத்ரூமுக்குப் போகும் நாலடிதான் புண்ணைக் கெடுக்கும். ஆனால் ரத்த ஓட்டம் மிகவும் குறைந்தோ, சீழோடோ இருக்கும் காலுக்கு அந்த மாவுக்கட்டு ஆகாது.

வீட்டில் இருக்கிறவர்கள் செய்யவேண்டிய வேலை ஒன்று உண்டு. பத்து மணிக்குப் படுக்கும்முன் மகளோ மருமகனோ உள்ளங்காலை வெளிச்சத்தில் திருப்பிப் பார்க்கட்டும். தனியாக இருப்பவர் தரையில் கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். புண் இருந்தால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், அதே தூரத்திலிருந்து, பக்கத்தில் ஸ்கூல் ஸ்கேலை வைத்து, போனில் ஒரு படம். நீளத்தையும் அகலத்தையும் செ.மீ.யில் பெருக்கிக் குறித்துவையுங்கள். முதல் வாரம் 3க்கு 2, அதாவது 6 சதுர செ.மீ. இருந்தது நான்காம் வாரம் 3 சதுர செ.மீ.க்குக் கீழே வரவில்லையென்றால், களிம்பை மாற்றிக்கொண்டிருக்காமல் அந்தப் படங்களோடு போய், முன்பு அளந்த ஏபிஐ எவ்வளவு நன்றாக இருந்திருந்தாலும், ரத்த ஓட்டத்தை மறுபடி பார்க்கச் சொல்லுங்கள்.